நூலகம் பூட்டியிருந்தப்போ ஸ்கோரை ஸ்கேன் பண்ணி அனுப்ப முடியாதா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

நூலக அறிவியல் படிக்கிற ஒருத்தர் கேட்டிருக்காங்க: "2020-ல கொரோனாவுக்காக அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களைப் பூட்டினப்போ, மத்த துறை மாணவர்களுக்கு ஸ்கேன் பண்ணின புத்தகம் வீட்டுக்கே வந்துச்சு. இசை நூலகம் மட்டும் ஏன் திணறுச்சு? ஸ்கோரையும் ஸ்கேன் பண்ணி அனுப்ப வேண்டியதுதானே?"

ஸ்கோர்னா எல்லா வாத்தியத்துக்கும் உள்ள சுரங்களை ஒண்ணா அச்சடிச்ச இசைப் புத்தகம். தமிழ்ல புத்தகத்தையும் வாசிக்கிறோம், வயலினையும் வாசிக்கிறோம். சொல்லு ஒண்ணுதான். நூலகத்துக்கு அது ரெண்டு வேலை. சிக்கல் அங்கதான் ஆரம்பிக்குது.

நீங்க சொல்ற அந்தப் புத்தகம் எப்படி வந்துச்சுன்னு முதல்ல பார்ப்போம். ஹாத்திடிரஸ்ட்னு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துற டிஜிட்டல் நூலகம் இருக்கு. 2020 மார்ச் 31-ஆம் தேதி ஒரு அவசரகாலத் தற்காலிகச் சேவையை ஆரம்பிச்சாங்க. உங்க நூலக அலமாரியில ஒரு பிரதி இருந்தா ஒரு நேரத்துல ஒரு ஆள் ஆன்லைன்ல படிக்க முடிஞ்சுது, ரெண்டு பிரதி இருந்தா ரெண்டு பேர். காப்புரிமை இருக்கிற புத்தகம்னா ஒரு மணி நேரத்துக்கு எடுத்து திரையிலயே படிச்சுக்கணும்னு வச்சிருந்தாங்க, முழுசா டவுன்லோட் பண்ண முடியல. வரலாறு படிக்கிறவங்களுக்கு இது தாராளமாப் போதுமா இருந்துச்சு. செல்லோ வாசிக்கிறவருக்கு ஒரு கை வில்லுல, இன்னொரு கை தந்தியில. லேப்டாப்ல பக்கத்தை யாரு தள்ளறது?

அதோட, லட்சக்கணக்குல புத்தகம் ஸ்கேன் ஆகுற இடத்துல, பின் அட்டைப் பையில செருகியிருக்கிற பார்ட்டுகள், அதாவது ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனியா அச்சடிச்ச தாள்கள், விட்டுப்போறது சகஜம். நாலு பேர் தந்தி வாத்தியம் வாசிக்கிற ஸ்ட்ரிங் குவார்ட்டெட்னா ஒரு ஸ்கோர், நாலு பார்ட்: வயலின் ரெண்டு, வியோலா ஒண்ணு, செல்லோ ஒண்ணு. ஸ்கோர் மட்டும் கைக்கு வந்தா வகுப்புல அலசலாம், நாலு பேரு உக்காந்து வாசிக்க முடியாது.

சரி, நாமளே ஸ்கேன் பண்ணிடலாம்னா சட்டம் குறுக்க வருது. அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்துல 108-ஆவது பிரிவுதான் கட்டுரையையோ அத்தியாயத்தையோ நகல் எடுத்து வாசகருக்குக் கொடுக்க நூலகத்துக்கு அனுமதி தருது. அதே பிரிவோட கடைசிப் பக்கம் போனா, இசைப் படைப்புக்கு அந்த அனுமதி கிடையாதுன்னு எழுதியிருக்கு! சேதமான பிரதிக்கு மாற்று எடுக்கிறது மாதிரி சிலதுக்குத்தான் விலக்கு. அதனால இசை நூலகர் 107-ஆவது பிரிவுக்கு, அதாவது நியாயமான பயன்பாட்டுக்குப் போகணும். அதுல இத்தனை பக்கம் வரை சரின்னு எந்தக் கணக்கும் இல்ல. எதுக்காக எடுக்கிறோம், எந்த மாதிரிப் படைப்பு, எவ்வளவு எடுக்கிறோம், விற்பனை பாதிக்குமா, இந்த நாலையும் எடை போட்டுத்தான் முடிவு. பாடத்துல அலசறதுக்கு ஒரு மூவ்மென்ட், அதாவது படைப்போட ஒரு பகுதி மட்டும்னா தைரியமா அனுப்பலாம். கடையில இன்னைக்கும் விக்கிற சொனாட்டாவை முழுசா அனுப்பினா வாதம் நிக்காது. பிடிஎஃப்-ஆ விலைக்கு வாங்கலாமேன்னு கேட்பீங்க. பல பிடிஎஃப் ஸ்கோருக்கு உரிமம் தனி ஆளுக்கு மட்டும்தான், நூலகம் வாங்கி இரவல் கொடுக்க அதுல இடமே இல்ல. என்னைக் கேட்டா, பூட்டுன கதவைவிட இதுதான் பெரிய பூட்டு.

காப்புரிமை முடிஞ்சதுக்கு ஐஎம்எஸ்எல்பின்னு ஸ்கோர்களை இலவசமாத் தர்ற இணையதளம் இருக்கு, ஆனா அது கனடாச் சட்டப்படி நடக்கிறதால கண்ணை மூடிட்டு லிங்க் அனுப்பக் கூடாது. 2020-ல அமெரிக்காவுல 1925-க்கு முன்னாடி வெளியானதுதான் பொதுவுடைமை, அதாவது காப்புரிமை முடிஞ்சு யாரும் எடுத்துக்கலாம். கனடாவுலயோ அப்போ படைச்சவர் இறந்து 50 வருஷம் ஆனா போதும். இசையமைப்பாளர் பார்தோக் இறந்தது 1945-ல. அவர் 1943-ல எழுதின கான்செர்ட்டோ ஃபார் ஆர்கெஸ்ட்ரா கனடாவுல பொதுவுடைமை, அமெரிக்காவுல இல்ல. பீத்தோவனா இருந்தாலும் எந்தப் பதிப்புன்னு பாருங்க. பழைய பதிப்புல ஸ்லர் (சுரங்களைச் சேர்த்து வாசிக்கச் சொல்ற வளைகோடு), விரல் எண்ணெல்லாம் பதிப்பாசிரியர் தன் இஷ்டத்துக்குப் போட்டது நிறைய.

இப்போ ஸ்கேன் வேலை. எழுத்துப் புத்தகத்துல கண்ணாடி மேல ஒரு தூசி இருந்தா யாரும் கவலைப்பட மாட்டாங்க. ஸ்கோர்ல அந்தத் தூசி சுரத்துக்கு மேல விழுந்தா, சுரத்தை வெட்டி வாசிக்கச் சொல்ற ஸ்டக்காட்டோ புள்ளி, பக்கத்துல விழுந்தா அந்தச் சுரத்தோட காலம் ஒன்றரை மடங்கு. அதனால பத்து பக்கத்துக்கு ஒரு தடவை கண்ணாடியைத் துடைக்கணும். வெறும் கறுப்பு வெள்ளைன்னா ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி (டிபிஐ), சாம்பல் நிற அளவுகளும் வர்ற கிரேஸ்கேல்னா 300-க்குக் குறையாம வையுங்க. குறைச்சா சுரங்கள் உக்கார்ற மெல்லிசான அஞ்சு கோடு அங்கங்க அறுந்துபோகும். போன்ல படம் எடுத்தா தையல் ஓரத்துல கோடு வளையும், எந்த சுரம் எந்தக் கோட்டுலன்னு தெரியாது. இசைக்குழுவை நடத்துறவர் பார்க்கிற 11-க்கு 17 அங்குல கண்டக்டர் ஸ்கோரை 8½-க்கு 11 தாள்ல அச்செடுத்தா சுமார் 65 சதவீதமாச் சுருங்கும், பூதக்கண்ணாடிதான் வேணும்.

நிறைய பேர் கோட்டை விடுற இடம் பக்கம் திருப்பறது. நல்ல பார்ட்ல வலது பக்கத்தோட கடைசியில வாசிக்கிறவருக்கு ஓய்வு வர்ற மாதிரி அச்சடிச்சிருப்பாங்க, அந்த இடைவெளியில கை திருப்பும். அட்டையையும் காலிப் பக்கத்தையும் "எதுக்கு இது"ன்னு விட்டுட்டு ஸ்கேன் பண்ணினா, இரட்டைப் பக்கமா அச்செடுக்கும்போது ஒரு பக்கம் நகர்ந்து ஓய்வு இடது பக்கத்துக்குப் போயிடும். வேகமான இடத்துல நடுவுல திருப்பணும். காலிப் பக்கத்தையும் சேர்த்தே ஸ்கேன் பண்ணுங்க, ஒவ்வொரு பார்ட்டும் தனி ஃபைல்.

இதெல்லாம் ஒத்துவராதப்போ அச்சுப் பிரதியையே தபால்ல அனுப்பினாங்க, நூலக வாசல்ல வச்சுக் கொடுத்தாங்க. உறை மேல "1 ஸ்கோர், 4 பார்ட்"னு எழுதி, போகும்போதும் வரும்போதும் எண்ணணும். திரும்பப் போடுற பெட்டியில விழுற வேகத்துல வியோலா பார்ட் நழுவிடும். திரும்பி வந்ததுல கொரோனா ஒட்டியிருக்குமோன்னு பயம் வேற. ரியல்ம்னு நூலகங்களுக்காக நடந்த ஆய்வுல, தனித்தனியா வச்ச புத்தக அட்டையில மூணு நாள்ல வைரஸ் தென்படல. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வச்சப்போ ஆறு நாள் கழிச்சும் தென்பட்டுச்சு. அதனால அடுக்காம பரப்பி வச்சாங்க. 2021-ல, பொருளைத் தொட்டுத் தொத்துற வாய்ப்பு ரொம்பக் கம்மின்னு அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு மையமான சிடிசி சொன்ன பிறகு இது தளர்ந்துச்சு. சானிட்டைசர் மட்டும் வேண்டாம். தாள் நெளியும். பழைய 78 ஆர்பிஎம் ஷெல்லாக் தட்டுல ஆல்கஹால் பட்டா தட்டே கரையும்.

கடைசியா, பாட்டு கேக்குறது. நாக்சோஸ் மாதிரி ஆன்லைன்ல இசை கேக்குற சேவையில ஒரே நேரத்துல இத்தனை பேர்னு வரம்பு உண்டு. கேட்டு முடிச்சவர் லாக்-அவுட் அழுத்தாம டேபை மூடினா அந்த இடம் கொஞ்ச நேரத்துக்கு அப்படியே பிடிபட்டிருக்கும், அடுத்தவர் வெளியில நிப்பார். பேராசிரியர் முகவரிப் பட்டையில இருந்து காப்பி பண்ணின லிங்க்ல நூலகத்தோட ப்ராக்ஸி முன்னொட்டு (இவர் நம்ம நூலக உறுப்பினர்னு சரிபார்க்கிற வழியா அனுப்புற முகவரித் துண்டு) இருக்காது, மாணவருக்குப் பணம் கட்டச் சொல்லி வரும். நூலகத் தளத்துல இருக்கிற நிலையான லிங்க்கை எடுத்துக் கொடுத்தா திறக்கும்.