வேலை முடிந்தபின் மாறும் கூலி

வணக்கம் நேயர்களே. வீடு பார்த்துக் கொடுத்தவருக்கோ, பழைய வண்டியை விற்றுக் கொடுத்தவருக்கோ நீங்கள் கமிஷன் கொடுத்திருப்பீர்கள். எவ்வளவு என்பதை முதலிலேயே பேசி முடித்திருப்பீர்கள். வீட்டில் குடியேறி நான்கு வருடம் கழித்து, அன்று கொடுத்ததில் பாதியைத் திருப்பித் தா என்று அவரிடம் கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்டால் சுற்றியிருப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

இணையத்தில் இயங்கும் கேசினோக்களுக்கு ஆட்களைச் சேர்த்துக் கொடுப்பவர்களிடம் ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறார்கள். இவர்களை அஃபிலியேட் என்று அழைப்பார்கள். சொந்தமாக ஓர் இணையதளம் வைத்து, எந்தக் கேசினோவில் என்ன விதிகள், வென்ற பணம் எத்தனை நாளில் கைக்கு வருகிறது என்றெல்லாம் எழுதுவார்கள். அங்கே உள்ள இணைப்பின் வழியாகப் போய் ஒருவர் கணக்குத் தொடங்கிப் பணம் கட்டினால், அவர் இந்த அஃபிலியேட்டின் பெயரில் பதிவாகிவிடுவார். இதற்குக் கூலி இரண்டு விதம். தலைக்கு இவ்வளவு என்று ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளலாம். அல்லது அந்த ஆட்டக்காரரால் கேசினோவுக்குக் கிடைக்கும் நிகர வருவாயில் மாதந்தோறும் ஒரு பங்கு வாங்கலாம். பெரும்பாலும் 25 முதல் 40 சதவீதம் வரை. அந்தப் பங்கு அவர் ஆடும் காலம் முழுவதும், அதாவது ஆயுள் முழுவதும் கிடைக்கும் என்று விளம்பரம் செய்வார்கள். ஆயுள் முழுவதும் என்ற அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் நண்பர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அவர் பெயரும் வேண்டாம், நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். முதல் ஒன்றரை வருடம் ஒரு காசு பார்க்காமல் எழுதியவர் அவர். தலைக்கு இவ்வளவு என்று வாங்கியிருந்தால் அப்போதே கை நிறைந்திருக்கும். ஆயுள் முழுவதும் என்ற வாக்கை நம்பித்தான் பொறுத்திருந்தார். ஐந்தாவது வருடம் ஒரு மாலையில் மின்னஞ்சல் வந்தது. இரண்டே பத்தி. முதல் பத்தியில் அவர் உழைப்புக்கு நன்றி. இரண்டாவது பத்தியில், மூன்று மாதத்தில் ஐந்து புதிய ஆட்டக்காரர்களைக் கொண்டுவராதவர்களுக்குப் பங்கு ஐந்து சதவீதமாகக் குறைக்கப்படும், ஏற்கெனவே சேர்த்தவர்களுக்கும் இது பொருந்தும் என்று இருந்தது.

அவர் ஒப்பந்தத்தை அச்செடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். ஒரு வரியின் கீழ் சிவப்பு மையால் இரண்டு முறை கோடு போட்டிருந்தார். நிபந்தனைகளை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அதன் பிறகும் திட்டத்தில் தொடர்ந்தால் மாற்றத்தை ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும் என்பது அந்த வரியின் சாரம். "தொடராமல் எப்படி இருப்பேன், சொல்லுங்கள்" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் விலகினால் அவர் சேர்த்த ஆட்டக்காரர்கள் அங்கேயே இருப்பார்கள். பங்கு மட்டும் மொத்தமாகப் போய்விடும். விலகாவிட்டால் ஐந்து சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். வாக்குக் கொடுத்த மேலாளரைத் தேடினோம். நிறுவனம் கைமாறி, அவர் வேலையை விட்டே போயிருந்தார். ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ என்பார்களே, அதை அன்று நேரில் பார்த்தேன்.

நிறுவனங்களுக்கும் நெருக்கடி உண்டு. அதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. பிரிட்டனில் 2014 டிசம்பர் முதல், நிறுவனம் எந்த நாட்டில் இருந்தாலும், அங்குள்ள ஆட்டக்காரர்களால் வரும் லாபத்துக்கு 15 சதவீதம் வரி வந்தது. 2019 ஏப்ரலில் அது 21 ஆனது. அஃபிலியேட் தவறாக விளம்பரம் செய்தாலும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில்தான் விழும். 2017இல் ஸ்கை பெட் என்ற பந்தய நிறுவனம் பிரிட்டனில் தன் அஃபிலியேட் திட்டத்தையே மூடியது. செலவு கூடும்போது கமிஷனைக் குறைக்க நினைப்பது வியாபாரத்தில் நடப்பதுதான். நாளை வரப்போகும் ஆட்டக்காரருக்குக் குறைக்கட்டும். பிடிக்காதவர் வேறு இடம் பார்த்துக்கொள்வார். நேற்று வந்தவருக்கு நேற்றுப் பேசிய கூலிதான் கூலி. இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்: வேலை முடிந்துவிட்டது. முடிந்த வேலையின் கூலியில் கை வைக்கக் கூடாது.

சதவீதத்தைத் தொடாமலே குறைக்கும் வழியும் இருக்கிறது. மனக்கணக்காகவே போட்டுப் பாருங்கள். ஆட்டக்காரர் ஆயிரம் தோற்கிறார். அதில் அவருக்குக் கொடுத்த போனஸ் நூறு கழிகிறது. மீதி 900இல் 30 சதவீதம் என்றால் 270. இப்போது நிகர வருவாய் என்பதற்குப் புது விளக்கம் எழுதுகிறார்கள். நிர்வாகச் செலவு 200, பணப் பரிமாற்றச் செலவு 50, வரி 210 எல்லாம் கழிகின்றன. மிஞ்சுவது 440. அதே 30 சதவீதம்; ஆனால் கைக்கு வருவது 132. பாதிகூட இல்லை. முகப்பில் 30 சதவீதம் என்ற எழுத்து அப்படியே இருக்கும்.

பிறர் தோற்ற பணத்தில் பங்கு வாங்குகிறவருக்கு நீ ஏன் பரிந்து பேசுகிறாய் என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் கட்டும் ஆட்டம் ரூலெட். ஒற்றைப் பூஜ்யம் உள்ள ரூலெட்டில்கூட, கட்டும் ஒவ்வொரு நூறிலும் சராசரியாக 2.70 கேசினோவுக்கே போகிறது. நெடுங்காலம் ஆடினால் இழப்புதான். என் நண்பர் இதைத் தன் தளத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார். அப்படி எழுதுகிறவருக்கு மூன்று மாதத்தில் ஐந்து புதுத் தலை என்று இலக்கு வைத்தால் என்ன நடக்கும்? அந்த வரியை அவர் அழிக்க வேண்டும், அல்லது தொழிலை விட வேண்டும். உண்மையைச் சொல்பவர் வெளியேற, எதையாவது சொல்லி ஆள் பிடிப்பவர் நிலைக்கிறார். அந்த இலக்கின் பாரம் கடைசியில் ஆட்டக்காரர் மேல்தான் இறங்குகிறது. இந்த விஷயத்தில் எனக்கு இருக்கும் கோபத்தில் பாதி இதற்காகத்தான்.

நேரம் முடியப் போகிறது என்று சைகை வருகிறது. வழக்குப் போடுவது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், இரு தரப்பும் வியாபாரிகள் என்பதால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டங்கள் பொதுவாக இங்கே கைகொடுப்பதில்லை. வழக்கை எந்த நாட்டில் நடத்த வேண்டும் என்பதையும் நிறுவனமே ஒப்பந்தத்தில் எழுதிவிடும். இன்னும் ஒன்று: ஆட்டக்காரர் வென்றதால் கேசினோவுக்கு வரும் ஒரு மாதத்து நஷ்டம் உங்கள் அடுத்த மாதக் கணக்கில் ஏறுமா, மாத முடிவில் அழிக்கப்படுமா என்பதைச் சேரும்போதே பாருங்கள். சேரும் அன்றே ஒப்பந்தத்தை முழுவதுமாகத் தேதியோடு சேமித்து வையுங்கள். பின்னால் தளத்தில் பழைய வாசகம் இருக்காது. என் நண்பரிடம் அந்தப் பழைய நகல் இருந்தது. அதில் ஆயுள் முழுவதும் என்ற சொல்லும் இருந்தது. பதினொரு மாதம் கடிதம் எழுதியபின் பாக்கியில் பாதி வந்தது. மறுபாதிக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். நன்றி, வணக்கம்.