பழைய ஆம்னி வாங்குமுன் மிதியைத் தூக்கிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நாகர்கோவிலில் இருபத்திரண்டு வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பழைய வேன்களில் வருகிற பழுதுகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எல்லா வேனையும் தொட்டால் எதையும் உருப்படியாகச் சொல்ல முடியாது. என் கையில் அதிகம் புழங்கியது மாருதி ஆம்னி. அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1984-இல் வந்த வண்டி. புதிய பாதுகாப்பு விதிகள் வந்த 2019-இல் நிறுத்திவிட்டார்கள். ஆக, இன்றைக்கு ஆம்னி வாங்குகிறவர் எல்லோரும் பழைய வண்டிதான் வாங்குகிறார். பூ ஏற்றுகிறவர், சமையல் ஒப்பந்தக்காரர், மைக் செட் வைத்திருப்பவர் என்று இதை வைத்துச் சோறு சாப்பிடுகிற குடும்பங்கள் நம் மாவட்டத்தில் நிறைய. அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

போன வருடம் தோவாளைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். பூ வியாபாரம். ஒரு புரோக்கர் மூலம் 1,10,000 ரூபாய்க்கு 2012 மாடல் ஆம்னி வாங்கியிருந்தார். "அண்ணே, எஞ்சின் சத்தமே இல்ல, கேட்டுப் பாருங்க" என்றார். உண்மைதான், எஞ்சின் நன்றாக இருந்தது. பெயிண்ட்டும் பளபளவென்று இருந்தது. நான் நடு சீட்டுக்குக் கீழே கிடந்த ரப்பர் மேட்டை, அதாவது மிதியை, தூக்கினேன். அடியில் புதிதாகக் கறுப்பு பெயிண்ட். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும், 'பொத்' என்றது. திருப்பிப் பிடித்து முனையால் லேசாக அழுத்தினேன். பெயிண்ட்டோடு தகடும் பிய்ந்து உள்ளே போனது. அந்த ஓட்டை வழியாக என் ஒர்க்‌ஷாப் தரை தெரிந்தது.

விசாரித்ததில் அந்த வண்டி முன்னே குளச்சல் பக்கம் மீன் ஏற்றிய வண்டி. பெட்டியில் ஐஸ் கரையக் கரைய உப்புத் தண்ணீர் மிதிக்கு அடியில் இறங்கி, அங்கேயே கிடந்து தகட்டைத் தின்றிருக்கிறது. தகடு வெட்டி ஒட்டுகிற டிங்கர் வேலைக்கு மட்டும் 28,000 ஆனது. அந்தப் பணம் தம்பியிடம் இல்லை. அவர் அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. ஒரு மிதியைத் தூக்கிப் பார்த்திருந்தால் போகாத வளையல் அது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அதனால்தான் வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்: ஆம்னியில் எஞ்சினை அப்புறம் பாருங்கள், முதலில் தகட்டைப் பாருங்கள். எஞ்சின் முழுதாகப் போயிருந்தாலும் கழற்றி ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்து) மாட்ட என் ஒர்க்‌ஷாப்பில் 30,000-இலிருந்து 35,000 ஆகும். அதோடு வேலை முடிந்தது. துரு அப்படியில்லை. இன்றைக்கு ஒரு இடத்தில் தகடு வைத்து ஒட்டினால் அடுத்த மழைக்குப் பக்கத்தில் கிளம்பும். தள்ளுகிற கதவின் கீழ்த்தடம், கதவுக்குக் கீழே படி, முன் சீட்டின் கால் பதிக்கிற இடம், இதையெல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். அப்புறம் வண்டிக்கு அடியில் குனிந்து, பின் சக்கரத்துப் பட்டை ஸ்பிரிங் பாடியில் மாட்டுகிற இடத்தைப் பாருங்கள். அங்கே துரு தின்றிருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். லோடு ஏற்றி ஓடும்போது அந்த இடம் விட்டுக்கொடுத்தால் வண்டி நம் கையில் இருக்காது.

அடுத்தது சூடு. ஆம்னியின் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர். சூடான தண்ணீரை ஆற்றுகிற ரேடியேட்டர் வண்டியின் மூக்கில். இரண்டுக்கும் நடுவே குழாயில்தான் தண்ணீர் போய் வர வேண்டும். சீட்டுக்கு அடியில் காற்று அவ்வளவாகப் போகாது. எஞ்சினைக் காப்பாற்றுவது அந்தத் தண்ணீர்தான். ரேடியேட்டரில் ஊற்ற வேண்டிய கூலன்ட் திரவத்தின் விலையை மிச்சம் பிடிக்கிறேன் என்று பலர் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டுகிறார்கள். ஒன்றிரண்டு வருடத்தில் ரேடியேட்டர் உள்ளே துருவும் உப்பும் படிந்து அடைத்துக்கொள்ளும். கீரிப்பாறை ஏற்றத்தில் ஆள் ஏற்றிப் போனால் வண்டி கொதித்துவிடும்.

கொதித்த பிறகும் 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று ஓட்டுகிறார்களே, அங்கேதான் செலவு பிறக்கிறது. எஞ்சினின் மேல் மூடியான சிலிண்டர் ஹெட் அலுமினியம். அதிகச் சூட்டில் வளைந்துவிடும். ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் போய், தண்ணீரும் ஆயிலும் கலக்கும். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் பால் காபி நிறத்தில் நுரை ஒட்டியிருக்கும். ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்து மட்டம் பார்த்து, புது கேஸ்கெட் போட்டு மாட்ட 7,000-இலிருந்து 9,000 வரை நான் வாங்குகிறேன். வண்டியை அப்படியே ஓரம் கட்டி, ஆறவிட்டு, கட்டி இழுத்து வந்திருந்தால் ஒரு ஹோஸ் பைப்பின் விலையோடு முடிந்திருக்கும்.

கிளட்ச் செட் போட்டால் வேலைக்கூலியோடு 4,000, 5,000 ஆகும். கியர் லிவர் லொடலொடவென்று ஆடினால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் புஷ் தேய்ந்திருக்கும், சில நூறு ரூபாய் வேலை. வண்டியை எடுக்கும்போது அடியில் 'டக்' என்று ஒரு அடி கேட்டால் பின் சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகிற தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட்டைப் பாருங்கள்; அதுவும் பெரிய செலவில்லை. எஞ்சின் வால்வுகளை இயக்குகிற டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்கிறவருக்குத் தெரியவில்லை என்றால், வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள்.

கேஸ் வண்டி பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சீட்டுக்குப் பின்னால் வீட்டு சமையல் சிலிண்டரை வைத்துக் குழாய் இழுத்த வண்டிகளை இன்னும் பார்க்கிறேன். அது சட்டத்துக்கு விரோதம், உயிருக்கும் ஆபத்து. அதில் பிள்ளைகளை ஏற்றிப் பள்ளிக்கூடம் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த வண்டிகளை நான் தொடுவதில்லை. முறைப்படி கேஸ் கிட் போட்டு ஆர்.சி.யில் ஏற்றியிருந்தால் சரி. அப்போதும் எல்.பி.ஜி. டேங்கை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை சோதித்த சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

காகிதச் செலவையும் கணக்கில் சேருங்கள். சொந்த உபயோக வண்டிக்கு 15 வருடம் முடிந்தால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது; இன்றைய கட்டணத்தை ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வண்டிக்கு வாங்குகிற பசுமை வரி தனி. ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டுமுன் லைட், பிரேக், டயர் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். அதற்கு ஒரு செலவு.

என்னிடம் கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இது. கையில் ஒன்றரை லட்சம் இருந்தால் ஒரு லட்சத்து பத்தாயிரத்துக்கு மேல் வண்டி பார்க்காதீர்கள். மீதி நாற்பதாயிரம் முதல் ஆறு மாதத்துக்கு. செலவாகாவிட்டால் உங்கள் பணம்.

வண்டி பார்க்கக் காலையிலேயே போங்கள். வருகிறோம் என்று சொல்லும்போதே 'ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க' என்று சொல்லிவிடுங்கள். முன் சீட்டைத் தூக்கி எஞ்சின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், ஆறின எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதை உங்களுக்குக் காட்ட அவருக்கு விருப்பமில்லை என்று அர்த்தம். சில்லென்று இருந்தால் ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் போய் நில்லுங்கள். முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றால் பரவாயில்லை. நீலப் புகை நிற்காமல் வந்தால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது. எஞ்சின் வேலைக்கு நான் சொன்ன அந்த 35,000-ஐ விலையில் குறைத்துக் கேளுங்கள். இருபது நிமிடம் ஓடவிட்டு, ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றி, தானாக நிற்கிறதா என்று பாருங்கள். அதற்குள் மிதியைத் தூக்கிப் பார்த்துவிடலாம். நன்றி, வணக்கம்.