கைதட்டலால் வாடகை கட்ட முடியாது
(ஊரின் ஒரே ஜிம்மை மூடவிடாமல் காப்பதற்காகக் கூடிய கூட்டத்தில் பேசியது)

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

கூட்டத்தைப் பார்த்தால் மனசு நிறைகிறது. கொஞ்சம் கோபமும் வருகிறது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் ஆறு மாதமாக ஒழுங்காக ஜிம்முக்கு வந்திருந்தால் இன்றைக்கு இந்த மேடையே போட்டிருக்க வேண்டாம். சிரிக்கிறீர்கள். அந்தப் பாதியில் நானும் ஒருவன். முழங்கால் வலி என்று சொல்லி நின்றேன், சந்தாவையும் நிறுத்தினேன். முழங்கால் சரியான பிறகும் போகவில்லை. கூச்சம்தான். ஜிம்மை நடத்துகிற மாஸ்டர் எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் ஒதுங்கிப் போனேன். மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதலில் அங்கலாய்த்தவனும் நானேதான்!

ஒரு ஜிம்மை நடத்த எதற்குப் பணம் போகிறது என்று சமீபத்தில்தான் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். இரும்புக்குப் பெரிய செலவு இல்லை. எடை தூக்கும் பாரையும் அதில் மாட்டும் பிளேட்டையும் துருவேறாமல் துடைத்து வைத்தால் நம் பேரப்பிள்ளைகளும் தூக்கலாம். வாடகை, மின்சாரம், சொல்லித்தருபவரின் சம்பளம், ட்ரெட்மில் பெல்ட், அறுந்துபோகும் கேபிள், கிழிந்த பெஞ்சுக்கு ரெக்சின், இவைதான் தின்கின்றன. முதல் மூன்றும் ஐந்து பேர் வந்தாலும் ஐம்பது பேர் வந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். வரவு மட்டும் ஆடிக்கொண்டே இருக்கிறது. ஜனவரியில் பெஞ்சுக்கு வரிசையில் நிற்கிறோம். ஏப்ரலில் மாஸ்டரும் மின்விசிறியும்தான் மிச்சம்.

பெரிய நகரத்து ஜிம்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? வராதவர்களை வைத்து. 2006இல் ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாதச் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு நான்கு தடவைக்குச் சற்று மேல்தான் வந்திருக்கிறார்கள். பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் அவர்களில் பெரும்பாலோருக்குச் செலவு இன்னும் குறைவாகவே ஆகியிருக்கும். 'நாளையிலிருந்து போகிறேன்' என்ற நம்பிக்கைக்கு மாதாமாதம் கட்டணம் கட்டியிருக்கிறார்கள், பாவம்.

சின்ன ஊரில் அந்த வியாபாரம் ஓடாது. வராமல் பணம் மட்டும் கட்டுகிற ஆள் இங்கே கிடையாது. வருகை நின்றால் மறுமாதமே சந்தாவும் நிற்கும். மொத்த மக்கள்தொகையே கொஞ்சம் என்னும்போது, விலகியவர் இடத்துக்குப் புது ஆளை எங்கிருந்து பிடிப்பது? ஆகவே இந்த ஜிம் பிழைக்க வேண்டுமானால் நாம் உண்மையிலேயே வந்தாக வேண்டும். எனக்கு இதில் ஒரு சந்தோஷம்கூட உண்டு. நாம் வந்தால்தான் பிழைக்கும் என்கிற கடை, நாம் வராவிட்டால் லாபம் என்கிற கடையைவிட நேர்மையானது இல்லையா?

'வீட்டிலேயே தண்டால் எடுக்கலாமே, எதற்கு ஜிம்?' என்று ஒருவர் கேட்டார். எடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. வயதுவந்தவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவேற்றும் பயிற்சி. முதல் பாதியை நடந்தே முடித்துவிடலாம். மாட்டிக்கொள்வது இரண்டாம் பாதியில். தசை வலுவேற, பழகிய எடையை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அத்தனை எடையையும் வாங்கி எந்த வீட்டில் அடுக்குவது? பெஞ்சில் படுத்து மார்புக்கு மேலே பாரைத் தூக்கும்போது கை நடுங்கினால் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். வீட்டில் நம்மை அப்படிப் பிடிப்பது கட்டில் மட்டும்தான்.

இது இளவட்டங்களின் விஷயம் என்று நினைக்கிற பெரியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1990இல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் சக ஆய்வாளர்களும், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த, 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்குக் கால் தசைக்கான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒப்புக்குக் கொடுத்த எடை இல்லை, அவரவர் சக்திக்குக் கடினமான எடை. எட்டு வாரம். ஒன்பது பேர் கடைசிவரை நின்றார்கள். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில்! நாற்காலியிலிருந்து எழுவதும், படி ஏறுவதும், தடுக்கினால் விழாமல் சமாளிப்பதும் அந்தத் தசையை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள அவர்களுக்கு ஆள் இருந்தது.

நம் ஜிம்மிலோ காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை ஈ ஓட்டுகிறார்கள். அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை போகிறது. அதில் முதியவர்களுக்கு ஒரு நேரம், பெண்களுக்குத் தனியாக ஒரு நேரம் ஒதுக்கினால் என்ன? பெண்கள் வருவதில்லை என்று குறைப்படுகிறவர்கள், அவர்கள் வந்தால் எத்தனை கண்கள் திரும்புகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டுச் சத்தத்தையும் பாதியாகக் குறையுங்கள், தம்பிகளா.

உதவி செய்வதாகப் பலர் முன்வந்தீர்கள், நன்றி. ஒரு நண்பர் புது ட்ரெட்மில் ஒன்றை அன்பளிப்பாகத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவருக்கு வருத்தம். இருக்கிற இரண்டே பாதி நேரம் சும்மா நிற்கின்றன. மூன்றாவது வந்தால் மின்கட்டணம் ஏறும், பெல்ட் மாற்றுகிற செலவு ஏறும், பேர் பொறித்த தகடு மட்டும் பளபளக்கும். பொருள் கொடுக்க ஆள் இருக்கிறது, மாதச் செலவைத் தாங்கத்தான் ஆளில்லை. ஆகையால் நான் கேட்பது சின்னத் தொகை, ஆனால் ஒரு வருடத்துக்கு, வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் போகிற மாதிரி. மழையோ, வேலையோ, முழங்கால் வலியோ, எதுவந்தாலும் நிற்காமல். வரமுடியாத மாதம் உங்கள் இடத்தை ஒரு பள்ளிப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

பணம் முடியாதவர்கள் கைத்தொழிலைக் கொடுக்கலாம். வெல்டிங் தெரிந்தவர், வயரிங் தெரிந்தவர், கணக்கு எழுதத் தெரிந்தவர் எல்லாரும் இங்கேயே இருக்கிறார்கள். கட்டட உரிமையாளரையும் எதிரியாகப் பார்க்காதீர்கள். பூட்டிக் கிடக்கிற கட்டடத்தால் அவருக்கும் வருமானம் இல்லை. வாடகை ஒழுங்காக வரும் என்று நாம் கூட்டாகக் கையெழுத்துப் போட்டால், மூன்று வருட ஒப்பந்தம் பற்றிப் பேசலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஊர் கூடி ஒன்றை நடத்த முடியுமா என்ற சந்தேகம் சிலர் முகத்தில் தெரிகிறது. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர், அதில் நெசவாளர்களும் உண்டு, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு கூட்டுறவுக் கடை போட்டார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவர்த்தி, அவ்வளவுதான் சரக்கு. ஆரம்பத்தில் தினமும் திறக்கக்கூட முடியவில்லை, சில மாலைகள் மட்டும். ஆளுக்கு ஒரு ஓட்டு என்றும், கணக்கை எல்லாருக்கும் காட்டுவது என்றும் விதி வைத்தார்கள். இன்றைய கூட்டுறவு இயக்கம் அந்தக் கடையைத்தான் தன் முன்மாதிரியாகச் சொல்கிறது. நாமும் நேரத்தைக் குறைத்துத் தொடங்கலாம், அதில் அவமானம் இல்லை. கணக்கு நோட்டு ஜிம் வாசலிலேயே தொங்கட்டும். யாரும் புரட்டலாம்.

மாஸ்டர் இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. கூப்பிட்டேன். 'எனக்காகப் பேசுகிற இடத்தில் நான் உட்கார்ந்தால் நன்றாக இருக்காது' என்றார். உதவியாளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் மூன்று மாதமாக அவரே விடியற்காலையில் திறந்து இரவில் பூட்டுகிறார். இனிமேல் காலை நேரத்தை நாங்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிச் சாவியை வாங்கி வந்திருக்கிறேன்.

அந்த மேசையில் நோட்டு இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. முதல் வரியில் என் பெயர், பாக்கி வைத்த மாதங்களோடு சேர்த்து. இந்த வாரம் சாவி என் முறை. நாளைக் காலை ஐந்தரைக்குக் கதவு திறந்திருக்கும்.