பித்த உப்புகளும் எமது ஸ்கான் கோரிக்கையும்

அவைத்தலைவர் அவர்களே, பிரதேச செயலாளர் அவர்களே, பணிச்சுமைக்கு நடுவிலும் எமது அழைப்பை மதித்து வந்திருக்கும் வைத்திய அதிகாரி அவர்களே, கோவில் பரிபாலன சபையினரே, வயலில் இருந்து நேரே வந்து அமர்ந்திருக்கும் கமக்காரப் பெரியோர்களே, தாய்மாரே, வணக்கம்.

பித்த உப்புகளின் தொழில், பித்தக்கல், தேங்காயெண்ணெய்ச் சர்ச்சை ஆகிய மூன்றையும் பற்றிப் பேசவிருக்கிறேன்.

நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்கள். பல்லுக்கு அகப்படாத கொழுப்பை நொறுக்குவது பித்த உப்பு. ஈரல் அதனைக் கொலஸ்திரோலில் இருந்து ஆக்குகிறது. கொழுப்புணவு முன்சிறுகுடலை அடைந்ததும் பித்தப்பை சுருங்கி, இவ்வுப்பு கலந்த பித்தத்தை வெளிவிடுகிறது. நீரையும் கொழுப்பையும் ஒருங்கே பற்றக்கூடிய இவ்வுப்பு நொதியமன்று. கொழுப்பை நுண்துளிகளாக உடைத்து, கொழுப்பைச் சமிக்கச் செய்யும் சதையியின் லிப்பேசு நொதியம் வேலை செய்வதற்கான பரப்பைப் பெருக்குவதும், சமித்தவற்றை விற்றமின் ஏ, டி, ஈ, கே என்பவற்றோடு குடற்சுவர் வரை கொண்டு சேர்ப்பதுமே அதன் பணி. பணி முடிந்ததும் ஏறத்தாழ 95 சதவீதம் சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்பட்டு ஈரலுக்கே மீள்கிறது. இத்தனை சிக்கனம் எங்கள் குளத்து நீர்ப் பங்கீட்டில் கூட இல்லை.

என் பெரியப்பா ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கலியாண வீட்டில் ஆட்டிறைச்சிக் கறியை ஆசைதீர உண்டார். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அன்று மெல்லாமல் விழுங்கினார். இரவு வலது விலாவின் கீழ் எழுந்த வலி தோள்வரை ஏறியது. பெரியம்மா வாய்வென்று உள்ளி சுட்டுக் கொடுத்தார். மைத்துனர் சோடா உடைத்தார். மருமகன் காஸ்ரிக் குளிசை கொண்டோடி வந்தார். பந்தலில் இருந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சில நாளில் கண் மஞ்சளாகி, மலம் வெளிறி எண்ணெய்ப் பசையோடு போனது. பித்தக் குழாயைக் கல் அடைத்ததால் உப்பு குடலுக்கு இறங்கவில்லை. கொழுப்பு சமிக்காமலே வெளியேறியது. அதைக் கண்டுபிடிக்க வேண்டிய ஸ்கான் கருவி அருகில் இல்லாததால், காய்ச்சலோடு பேருந்தேறி நகரத்துக்குப் போனார்.

ஆகையால் தேங்காயெண்ணெயை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். எமது பிரதேச வைத்தியசாலைக்கு ஒரு ஸ்கான் இயந்திரமும், அதனை இயக்கத் தெரிந்த ஒருவரும் நிரந்தரமாக வேண்டும். இயந்திரம் மட்டும் வந்தால் அது உறை போட்டபடியே கிடக்கும். மனு வாசல் மேசையில் இருக்கிறது; பிரதேச செயலாளர் அவர்களிடம் இன்றே கையளிக்க வேண்டும், தேநீருக்கு முன் கையொப்பமிடுங்கள்.