எவர்சில்வர் டப்பாவுக்குத் தடை! மூன்றாம் வகுப்போடு ஏரிக்குப் போன கதை

வணக்கம் மக்களே. தலை வாரவில்லை, அதைப் பற்றி யாரும் பேச வேண்டாம். மஞ்சள் பஸ்ஸில் இருந்து இறங்கி, காப்பி போட்டு, நேராக வந்து கேமரா முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஆறப்போட்டால் கோபம் போய்விடும், கோபம் போனால் எனக்குப் பேச வராது.

சின்னவன் வகுப்பை இன்றைக்குப் பர்லிங்டன் எக்கோவுக்குக் கூட்டிப்போனார்கள். அமெரிக்காவில் எங்கள் வெர்மான்ட் மாநிலத்தில், சாம்ப்ளைன் ஏரிக்கரையில் இருக்கிறதே, அந்த அறிவியல் மையம். துணைக்குப் போகும் பெற்றோரில் என் பெயரும் வந்தது. மூன்று வருஷமாகக் கை தூக்கி, இந்த வருஷம்தான் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் இருந்தவளுக்குப் போன வாரம் பள்ளியில் இருந்து ஒரு தாள் வந்தது. மதியச் சாப்பாடு காகிதப் பையில் வர வேண்டுமாம், எல்லாமே தூக்கிப்போடக் கூடியதாக இருக்க வேண்டுமாம். டப்பா கூடாது, தொலைந்துவிடுமாம்.

எங்கே போகிறோம்? ஏரியைக் காப்பாற்றுவது எப்படி என்று படிக்கப் போகிறோம். எப்படிப் போகிறோம்? ஆளுக்கொரு பை குப்பையோடு போகிறோம்!

என் டப்பாவை உங்களுக்குத் தெரியும். இரண்டு அடுக்கு எவர்சில்வர், பாதி வீடியோக்களில் எனக்குப் பின்னால் அதுதான் நிற்கும். அம்மா வாங்கும்போதே பாத்திரக்கடையில் உட்கார்ந்து மூடியில் என் பெயரை வெட்டி வாங்கினார், தேதியோடு. பெயர் வெட்டிய டப்பா எங்கே தொலையும்? அதை விட்டுவிட்டுத் தயிர்சாதத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பிள்ளை அதைப் பிதுக்கியா சாப்பிடுவான்? எனக்கு அந்தப் பைகளையே பிடிக்காது. மாவு வைத்தால்கூட ஒரு மாதிரி வாடை வரும்.

ஆனால் தாளை நன்றாகப் படித்தால், விதி பிள்ளைகளுக்குத்தான். கூட வரும் பெரியவர்கள் என்ன கொண்டுவரலாம் என்று ஒரு வரி இல்லை. டப்பா என் தோள்பைக்குள் போனது. ஆசிரியர் பார்த்தார், சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரத்துச் சண்டையில் நான் ஜெயித்த இடம் அது.

சரி, உள்ளே போவோம். முதலில் ஒரு அறையில் உட்கார வைத்து ஒரு மணி நேரப் பாடம். அப்புறம் கூட்டம் கூட்டமாகச் சுற்றிப் பார்ப்பது. என் பொறுப்பில் ஐந்து பிள்ளைகள், அதில் இரண்டு பேர் நடக்கவே மாட்டார்கள், ஓட்டம்தான்.

பாடம் என்றால் கரும்பலகைப் பாடம் இல்லை. மேசை மேல் ஒரு ஊர் பொம்மை. மேலே மலை, நடுவில் வயல், கீழே தெரு, வீடு, கடைசியில் பள்ளமாக ஏரி. பிள்ளைகள் கையில் கொக்கோ தூளைக் கொடுத்தார்கள். அதுதான் உழுத மண். வயலுக்குப் பச்சை நிறத்தில் ஒரு தூள், அது உரம். தெருவில் இரண்டு சொட்டுக் கறுப்பு, அது எஞ்சின் எண்ணெய். எல்லாம் தூவிவிட்டு, துணி தேய்க்கும்போது நீர் தெளிப்போமே, அந்தப் பாட்டிலை வைத்து மழை. முதலில் ஒன்றும் ஆகவில்லை. கொக்கோ கொஞ்சம் கறுத்தது, அவ்வளவுதான். அப்புறம் மலையில் இருந்து ஒரே ஒரு கோடு மெல்லக் கீழே இறங்கியது, வயலில் பச்சையை இழுத்துக்கொண்டது, தெருவில் கறுப்பைக் கூட்டிக்கொண்டது. இரண்டு நிமிஷத்தில் ஏரி, காப்பிக் கடையில் டம்ளர் கழுவும் வாளி மாதிரி ஆகிவிட்டது. பதினெட்டுப் பிள்ளைகளும் வாயைத் திறக்கவில்லை.

பாடம் நடத்திய பெண்மணி அப்புறம்தான் கணக்கைச் சொன்னார். சாம்ப்ளைன் ஏரி சுமார் 120 மைல் நீளம், நல்ல ஆழமான இடத்தில் 400 அடி. அதற்குள் வடியும் நிலம் 8,234 சதுர மைல், ஏரியைப்போலப் பதினெட்டு மடங்குக்கு மேல். பாதிக்கு மேல் எங்கள் வெர்மான்ட், மீதி நியூயார்க், கொஞ்சம் கனடாவின் கியூபெக். வயலில் இருந்தும் தெருவில் இருந்தும் பாசிக்குத் தீனியான பாஸ்பரஸ் சத்து வந்து சேரச் சேர, வெயில் காலத்தில் நீலப்பச்சைப் பாசி பொங்குகிறது. ஆழம் குறைந்த விரிகுடாக்களில்தான் அதிகம். கோடையில் கடற்கரைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய், பாசி எச்சரிக்கைப் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோமே, அந்த வீடியோவுக்குக் காரணம் இதுதான். இதே ஏரியில் இருந்துதான் சுமார் 1,45,000 பேருக்குக் குடிதண்ணீர். இந்தக் காப்பியும் அதுதான்!

அப்போது அவர் கேட்டார், வீட்டு வாசலில் கார் கழுவினால் நுரை எங்கே போகும் என்று. என் பிள்ளை கையைத் தூக்கினான். எதற்குத் தூக்குகிறான் என்று எனக்குப் புரிவதற்குள் சொல்லிவிட்டான்: "எங்கள் அம்மா வாசலில்தான் கழுவுவார், அதை வீடியோவும் எடுப்பார்." ஐயோ! போன மாத வீடியோ ஞாபகம் இருக்கிறதா? நுரை எவ்வளவு அழகாகத் தெருவோர மழைநீர்க் குழிக்குள் இறங்குகிறது என்று மெதுவாக்கி வேறு காட்டியிருந்தேன், பின்னணி இசையோடு. டப்பாவை வைத்து ஒரு வாரமாகப் பள்ளியைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான். துணைக்கு வந்த மற்ற அம்மாக்கள் என்னைப் பார்த்த பார்வை, அதைச் சொல்லவே மாட்டேன்.

இருங்கள், திமிங்கலத்தை விட்டுவிட்டேன். அது பஸ்ஸிலேயே தொடங்கிய பேச்சு. 1849இல் ரட்லண்டுக்கும் பர்லிங்டனுக்கும் ரயில்பாதை போடத் தோண்டியபோது, சார்லெட் ஊர்ப் பக்கம் பத்தடி ஆழத்துக் களிமண்ணில் வெள்ளைத் திமிங்கலத்தின் எலும்பு கிடைத்தது. இங்கிருந்து கடல் நூற்றைம்பது மைலுக்கு மேல்! பனியுகத்தில் பனிப்பாறைகளின் பாரத்தில் நிலம் அமுங்கிக் கிடந்திருக்கிறது, அவை உருகிப் பின்வாங்கியதும் கடல் உள்ளே வந்துவிட்டது. அதைச் சாம்ப்ளைன் கடல் என்கிறார்கள். பாரம் போன நிலம் மெல்ல எழும்ப, கடல் வெளியே போய் ஏரி தங்கியது. என் கூட்டத்தில் ஒரு பெண் குழந்தை, "திமிங்கலத்துக்கு யாரும் சொல்லவில்லையா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

மீன் தொட்டிகள் பக்கம் லாம்ப்ரே பற்றிச் சொன்னார்கள். விலாங்கு மாதிரி உடம்பு, தாடையே இல்லாத வட்ட வாய், சுற்றிலும் பல். மற்ற மீனில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை, முடிந்தது. ஸ்டர்ஜன் பிடித்தது. முதுகில் எலும்புத் தகடு, முகவாயில் நாலு மீசை, எந்த அவசரமும் இல்லாத மீன். பெண் ஸ்டர்ஜன் நூறு வயதைத் தாண்டியும் வாழுமாம். எங்கள் அத்தைப்பாட்டி ஞாபகம் வந்தது.

இன்னொன்று, கட்டாயம் சொல்ல வேண்டும். வட அமெரிக்காவில் பேரேரிகள் என்று ஐந்து பெரிய ஏரிகள் உண்டு, இந்த ஏரி 18 நாள் ஆறாவது பேரேரியாக இருந்தது! மையத்தின் பெயரில் இருக்கும் லேஹி இருக்கிறாரே, எங்கள் பழைய செனட்டர், ஆராய்ச்சிப் பணம் வெர்மான்ட் பல்கலைக்கழகங்களுக்கும் வரட்டும் என்று ஒரு மசோதாவுக்குள் ஒரு வரியைச் சேர்த்தார். 1998 மார்ச் 6இல் அதிபர் கிளிண்டன் கையெழுத்தும் போட்டுவிட்டார். மற்ற பேரேரி மாநிலங்கள் சும்மா இருக்குமா? பட்டத்தைப் பிடுங்கினார்கள். பணம் கேட்கும் உரிமை மட்டும் தங்கியது. கெட்டிக்காரர். தாளில் எழுதாத இடத்தைத் தேடிப் பிடிப்பதில் நான் அவர் கட்சி.

சாப்பாடு. மற்ற நாலு பிள்ளைகளின் பைகளில் இருந்து வந்த பிளாஸ்டிக்கை எண்ணினேன், பத்தொன்பது. என் டப்பா திறந்ததும் அந்தத் திமிங்கலக் குழந்தை எட்டிப் பார்த்தாள். ஒவ்வாமை பயத்தில் பகிரக் கூடாது என்பது விதி. அந்த விதியில் எனக்குச் சண்டை இல்லை. அவள் மாதுளை முத்துகளை மட்டும் எண்ணிவிட்டுப் போனாள்.

இனிமேல் கார் கழுவும் கடைக்குத்தான் போக வேண்டும், ஒரு தடவைக்குப் பதினைந்து டாலர். அதற்குத் தனி வீடியோ போட்டுப் புலம்புகிறேன். பழைய நுரை வீடியோவை எடுத்துவிடச் சொல்லிச் சின்னவன் பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டான். எடுக்க மாட்டேன், அதுதான் இங்கே அதிகம் ஓடுவது. கீழே ஒரு வரி எழுதிப்போடுகிறேன், நுரை எங்கே போனது என்று. டப்பாவை ஊறப்போட்டிருக்கிறேன், மேல் தட்டில் ஊறுகாய் எண்ணெய் அப்படியே நிற்கிறது. வரட்டுமா?