மினுக்குவது கடைசி வேலை

வணக்கம் நேயர்களே.

பள்ளி பேண்ட் குழுவுக்கு யாரோ ஒரு பழைய டிரம் செட்டை நன்கொடையாகக் கொடுத்துவிட்டால், எல்லோரும் முதலில் தேடுவது பிராஸோ டப்பாவையும் பழைய துணியையும்தான். குரோம் பளபளத்ததும் வேலை பாதி முடிந்ததாக நினைப்பு. ஆனால் டிரம்மின் ஒலி குரோமில் இல்லை, ஹெட், அதாவது அடிவாங்கும் தோல், போய் உட்காரும் மர விளிம்பில் இருக்கிறது. அந்த விளிம்பு கோணலாக இருந்தால் எத்தனை புது ஹெட் வாங்கிப் போட்டாலும் சுருதி நிற்காது. அதனால் வேலையை விளிம்பில் தொடங்குவோம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு செட்டை வைத்துக்கொள்கிறேன். சிகாகோவில் லுட்விக் நிறுவனம் 1960களில் செய்த சூப்பர் கிளாசிக். 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் லுட்விக் செட்டில் வாசித்ததை அமெரிக்காவே பார்த்தது. அடுத்த சில ஆண்டுகளில் லுட்விக் டிரம்கள் வந்து குவிந்தன. இன்று அமெரிக்க வீடுகளின் பரணிலிருந்து பள்ளிகளுக்கு வந்துசேரும் பழைய செட்டுகளில் அந்தக் காலத்துச் சரக்கு நிறைய இருப்பதற்கு அதுவே காரணம்.

சூப்பர் கிளாசிக் என்றால் 22 அங்குல பேஸ் டிரம், 13 அங்குல டாம், தரையில் நிற்கும் 16 அங்குல ஃப்ளோர் டாம். கூடவே பெரும்பாலும் 14 அங்குல உலோக ஸ்னேர் ஒன்று, அடியில் கம்பி கட்டிச் சலசலக்கும் டிரம். ஹெட்டை இறுக்கும் நீளத் திருகுதான் ராடு, அது போய்த் திருகும் பிடி லக். பேஸில் 20 ராடு, சின்ன டாமில் 12, ஃப்ளோர் டாமில் 16, பத்து லக் கொண்ட ஸ்னேரில் 20. மொத்தம் 68 ராடு. கழற்றும்போதே எண்ணிவிடுங்கள். குறைந்தால் அப்போதே தெரிந்துவிடும். லுட்விக் ராடின் மரை 12-24, அதாவது அங்குலத்துக்கு 24 சுற்று. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் ராடு பெரும்பாலும் அதே அளவுதான். பழைய ஐரோப்பிய செட்டுகளில் வேறு மரை இருக்கும். கையால் இரண்டு சுற்று தடையில்லாமல் போகாத ராடை டிரம் சாவி போட்டு முறுக்கவே கூடாது, உள்ளே இருக்கும் நட்டின் மரை போய்விடும்.

கழற்றும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு டிரம்மின் சாமானும் தனித்தனிக் கவரில், மேலே பெயர் எழுதி. லக்குகளைப் பழைய இடத்திலேயே மாட்டுவது நல்லது, ஓட்டைகள் எல்லாம் மயிரிழை பிசகாமல் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஷெல்லின், அதாவது டிரம்மின் உருளை உடம்பின், உட்புறத்தில் சிவப்பு மையில் தேதி முத்திரை இருந்தால் அதன் மீது ஈரத்துணி படவே கூடாது. 1963 கடைசியிலிருந்துதான் லுட்விக் பேட்ஜில் வரிசை எண் வந்தது. அதற்கு முந்தைய டிரம்மின் வயதைச் சொல்ல அந்த மைதான் மிச்சம்.

இப்போது விளிம்பு. எல்லாவற்றையும் கழற்றிய வெறும் ஷெல்லை ஒரு கிரானைட் மேடையிலோ தடித்த கண்ணாடியிலோ கவிழ்த்து வையுங்கள். அறையை இருட்டாக்கி, ஷெல்லுக்குள் ஒரு சிறு விளக்கைப் போடுங்கள். வெளிச்சம் கசியும் இடம் பள்ளம். அங்கே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பாருங்கள், நுழைந்தால் சரிசெய்ய வேண்டும். நுழையவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அறுபது வருஷத்து மரத்தில் அவ்வளவு இருக்கத்தான் செய்யும்.

சரிசெய்ய, அதே கிரானைட்டில் 150 நம்பர் உப்புத்தாளை ஒட்டுங்கள். விளிம்பின் உச்சி முழுக்கப் பென்சிலால் கோடு இழுத்துவிட்டு, ஷெல்லை அழுத்தாமல் அதன் எடையிலேயே வட்டமாகச் சுற்றுங்கள். பென்சில் அழிந்த இடம் மேடு, அழியாத இடம் பள்ளம். நான்கைந்து சுற்றுக்கு ஒருமுறை தூக்கிப் பாருங்கள். எல்லா இடத்திலும் அழிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். அப்புறம் 320 தாளை விரலில் சுற்றி விளிம்பின் வளைவை லேசாகத் திருப்பிக்கொண்டு வந்து, மெழுகுவர்த்தித் துண்டால் ஒரு தேய். ஹெட் சறுக்கி உட்காரும், ட்யூன் செய்யும்போது கிறீச்சிடாது.

மரம் செதுக்கும் ரூட்டர் இயந்திரம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எங்கும் இருப்பார். புது டிரம்மைப் போல 45 டிகிரியில் கூர்மையாக வெட்டித் தருகிறேன் என்பார். வேண்டாம். அந்தக் கால லுட்விக் ஷெல் மெல்லிய மூன்றடுக்கு, உள்ளே வலுவூட்டும் வளையம் வைத்தது, விளிம்பு சற்று உருண்டது. அதன் சூடான, அமுங்கிய ஒலிக்கு அந்த உருட்டும் ஒரு காரணம். வெட்டிய மரம் திரும்பி வராது. சில்லு பெயர்ந்திருந்தால் எபாக்ஸி வைத்து நிரப்பித் தேய்ப்பது போதும். அடுக்கு பிரிந்திருந்தால் மரப் பசையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கி, ஊசியில் ஏற்றி உள்ளே செலுத்துங்கள். மெழுகுத்தாளும் வளைவான மரக்கட்டையும் வைத்து கிளாம்ப் போட்டு 24 மணி நேரம் விட வேண்டும்.

அடுத்து, ஷெல்லின் மேல் ஒட்டியிருக்கும் முத்துப் பளபளப்பு ராப், அதாவது பிளாஸ்டிக் உறை. இங்கே ஒரு எச்சரிக்கையைச் சத்தமாகவே சொல்கிறேன். பழைய முத்து ராப்புகளில் செல்லுலாய்டு உண்டு, அதில் நைட்ரேட் வகை சட்டென்று தீப்பற்றும். கழன்ற ஓரத்தை இளக்க ஹீட் கன் பிடிக்காதீர்கள். பக்கத்தில் கிரைண்டர் பொறியும் வேண்டாம். அசிட்டோன், தின்னர் இரண்டும் ராப்பையே கரைத்துவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நன்றாகப் பிழிந்த துணி, பிறகு பிளாஸ்டிக் பாலிஷ், அவ்வளவுதான். ஓரம் தூக்கி நின்றால் கான்டாக்ட் சிமெண்டை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்த பிறகு அழுத்த வேண்டும். அவசரப்பட்டு ஈரத்திலேயே அழுத்தினால் மறுநாள் மறுபடி தூக்கிக்கொள்ளும்.

இரும்புச் சாமான் சுலபம். ராடுகளை ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளைத் தூரிகையால் தேய்த்துத் துடைத்து, மரையில் மட்டும் துளி கிரீஸ். ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் வளையம்தான் ஹூப். துருப்பிடித்த குரோம் ஹூப்பில் அலுமினிய ஃபாயிலைச் சுருட்டித் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் துரு கழன்றுவிடும், குரோமில் கீறல் விழாது. பிராஸோ அதற்கப்புறம். ஹூப்பையும் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். ஆடுகிற ஹூப்பைத் தட்டி நிமிர்த்த முயன்று நேரத்தை வீணாக்காமல் புதிதாக வாங்கிவிடலாம். உலோக ஸ்னேர் அலுமினியத்தின் மேல் குரோம் பூசியதாக இருந்தால் கொப்புளமும் புள்ளியும் போட்டிருக்கும். அதைத் தேய்த்தால் குரோம் செதிலாக உரியும். அதை அப்படியே விடுங்கள், ஒலி கெடாது.

லக்குக்குள் ஒரு ஸ்பிரிங் உண்டு, உள்ளே இருக்கும் நட்டைப் பிடித்துக்கொள்வதற்கு. பேஸில் ஓங்கி அடிக்கும்போது எங்கோ கிண்கிணி சத்தம் கேட்டால் பெரும்பாலும் அதுதான். ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் சுற்றி ஒரு சிறு பஞ்சுத் துண்டு வைத்து மூடினால் சத்தம் நின்றுவிடும். லக்கு துத்தநாகக் கலவை வார்ப்பு, ஷெல்லோடு பிடிக்கும் திருகை ஆத்திரத்தோடு முறுக்கினால் விரிசல் விடும். முறுக்கு ஏறத் தொடங்கியதும் கால் சுற்று போதும்.

ஹெட் வாங்குவதற்கு முன் ஷெல்லை அளந்துவிடுங்கள். லுட்விக்கில் சிக்கல் வராது. ஆனால் பிரிட்டிஷ் தொடர்புள்ள ஊர்ப் பள்ளிகளில் பிரீமியர் செட் இருக்கலாம். 1960களின் பிற்பகுதிக்கு முன் செய்த பிரீமியர் டிரம்கள் சிலவற்றின் விட்டம் இன்றைய அளவைவிடச் சற்றே கூட. கடை ஹெட் நுழையவே நுழையாது, தனியாகச் செய்யச் சொல்ல வேண்டியிருக்கும்.

டாம்களுக்கும் ஸ்னேர் மேல்பக்கத்துக்கும் பூச்சு போட்ட ஒற்றை அடுக்கு ஹெட், 10 மில் கனம். மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிள்ளைகள் ஓங்கி அடிப்பார்கள் என்று இரட்டை அடுக்கு வாங்குவது வழக்கம். டாமில் பரவாயில்லை, ஸ்னேரில் போட்டால் மெல்லிய அடி கேட்காமல் போய்விடும். ஸ்னேர் அடிப்பக்கத்துக்குத் தனி ஹெட், வெறும் 3 மில். அங்கே மேல்பக்கத்து ஹெட்டையே மாட்டிவிட்டு, கம்பி சலசலக்கவில்லையே என்று கம்பியை இறுக்கும் ஸ்டிரெய்னரை நெரிப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு. கம்பி வரும் இரண்டு இடத்திலும் அடி விளிம்பு மெலிந்து தாழ்ந்திருக்கும், அது பள்ளம் அல்ல, வேண்டுமென்றே செய்தது. அதைத் தேய்த்துச் சமப்படுத்திவிடாதீர்கள். பேஸின் முன்பக்கத்தில் பெயர் எழுதிய பழைய ஹெட் இருந்தால் அதில் ஓட்டை போடாமல் பத்திரமாக வைத்துவிட்டு வேறொன்று போடுங்கள்.

மாட்டும்போது எல்லா ராடையும் முதலில் விரலால் முடிந்த அளவு. பிறகு சாவியில் அரைச் சுற்று, கார் சக்கரத்து நட்டு முறுக்குவதுபோல எதிரெதிராக. உள்ளங்கையால் நடுவில் ஒரு அழுத்து, புது ஹெட்டின் பசை மொறுமொறுவென்று ஒலித்து அடங்கும். இன்னும் கால் கால் சுற்று. ஒவ்வொரு ராடுக்கும் ஓர் அங்குலம் உள்ளே குச்சியால் மெல்லத் தட்டி, ஒரே சுருதி வரும்வரை. ஒரு ராடை மட்டும் மாற்றினால் எதிர்ப்பக்கமும் மாறும், அதையும் கேட்டுத் திருத்த வேண்டும். ஃப்ளோர் டாமில் ஒரு பக்கம் எவ்வளவு தளர்த்தினாலும் சுருதி இறங்கவில்லை என்றால், காதைச் சந்தேகப்படாதீர்கள். அந்த இடத்தில் விளிம்பு மேடாக இருக்கிறது, மறுபடி கிரானைட் மேடைக்குப் போக வேண்டியதுதான்.

சிம்பலை மணல்தாளால் தேய்க்காதீர்கள், சோப்புத் தண்ணீர் மட்டும். நடு ஓட்டை ஒரு பக்கம் நீண்டு தேய்ந்திருந்தால் ஸ்டாண்டில் பிளாஸ்டிக் குழாயும் ஃபெல்ட்டும் இல்லாமல் வாசித்திருக்கிறார்கள். இரண்டும் சில்லறைக் காசில் கிடைக்கும், உதிரியாக நாலு வாங்கி வையுங்கள். விளிம்பில் விரிசல் இருந்தால் அது முடியும் இடத்தில் சின்ன ஓட்டை ஒன்று போட்டால் விரிசல் ஓடுவது தள்ளிப்போகும்.

புது ஹெட் முதல் வாரத்தில் தளரும். ஒப்படைத்த மூன்றாம் நாள் ஒருமுறை, பத்தாம் நாள் ஒருமுறை சுருதி பாருங்கள். டிரம் சாவியை, காலால் மிதிக்கும் இரட்டைச் சிம்பலான ஹை-ஹேட் ஸ்டாண்டில் ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள், பள்ளியில் முதலில் காணாமல் போவது அதுதான். நன்றி, வணக்கம்.