டிபன் பாக்ஸ் மூடி

நடுவர் ஐயாவுக்கும், எதிரே உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் எதிரணியினருக்கும், மாரியம்மன் திருவிழாவுக்கு வந்து பட்டிமன்றத்தில் மாட்டிக்கொண்ட ஊர் மக்களுக்கும் வணக்கம்.

தலைப்பை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். எதிரணித் தலைவர் பேசிய பதினைந்து நிமிடத்தில் அது எங்கேயோ தொலைந்துவிட்டது. ‘கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது பாடப் பயிற்சியா, பழக்கப் பயிற்சியா?’ பாடம்தான் என்று அடித்துப் பேசினார் அண்ணன். மே மாதமே டியூஷன் வைத்து முதல் இரண்டு பாடத்தை முடித்துவிட்டால், ஜூன் மாதம் பிள்ளை சிங்கம் மாதிரி வகுப்புக்குள் நுழையும் என்றார்.

ஐயா, நான் இருபத்திரண்டு வருடமாக ஒன்றாம் வகுப்பு டீச்சர். ஜூன் மாதத்துச் சிங்கங்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு சிங்கம் என் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டே ‘அம்மாகிட்ட போணும்’ என்று கர்ஜிக்கும். இன்னொரு சிங்கம் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தால் பதினோரு மணி வரை வெளியே வராது. மூன்றாவது சிங்கம் வந்ததும் தூங்கிவிடும். இந்த மூன்றுக்கும் இரண்டு பாடம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன?

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், இப்போது பெரிய பையனாகிவிட்டான். பள்ளி திறந்த முதல் நாளே செய்தித்தாள் தலைப்பை எழுத்துக்கூட்டி வாசித்தான். மே மாதம் முழுக்க வீட்டில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனக்கே பெருமையாக இருந்தது, பக்கத்து வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மதியம் எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். இவன் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ‘பசிக்கலையாடா?’ என்றால் ‘பசிக்கல’ என்றான். இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் அவன் அம்மா வாசலில் வந்து நின்றார். ‘டப்பா அப்படியே வருது டீச்சர், யாராவது மிரட்டுறாங்களா?’

நான்காம் நாள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். புது டிபன் பாக்ஸ். நாலு பக்கமும் கிளிப் வைத்து அழுத்தி மூடுகிற வகை. அவன் கட்டைவிரல் நகம் அந்தக் கிளிப்புக்குள் போகிறது, ஆனால் தூக்க வலு வரவில்லை. வீட்டில் பாட்டி திறந்து, பாட்டி பிசைந்து, பாட்டியே ஊட்டிவிடுவாராம், முன்னால் செல்போன் ஓடுமாம். பையனுக்கு மூடியைத் திறக்கத் தெரியவில்லை. திறந்து கொடுங்கள் என்று கேட்கவும் தெரியவில்லை. ‘திற’ என்று பலகையில் எழுதியிருந்தால் வாசித்திருப்பான் ஐயா! மூன்று நாள் பசியோடு உட்கார்ந்திருந்தான்.

அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் அவன் கையாலேயே அந்த டப்பாவைத் திறக்க வைத்தார்கள். திங்கட்கிழமை மதியம் ‘டப்’ என்று ஒரு சத்தம். வரிசையே திரும்பிப் பார்த்தது. அன்றைக்குப் பக்கத்தில் இருந்த நாலு பேருடைய டப்பாவையும் அவன்தான் திறந்து கொடுத்தான். பள்ளிக்கூடம் அவனுக்குத் தொடங்கியது அந்தத் திங்கட்கிழமைதான்.

சரி, எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் தம்பி ஓர் ஆராய்ச்சியைக் காட்டினார். அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் என்பவரும் அவர் குழுவினரும் 1996-இல் வெளியிட்டது. அதற்கு முன் நடந்த 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கோடை விடுமுறையில் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பை இழக்கிறார்கள் என்று வந்ததாம். உண்மைதான். நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் தம்பி பாதியில் நிறுத்திவிட்டார். எது அதிகம் மறந்துபோகிறது என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. கணக்குப் போடும் திறன், எழுத்துப் பிழையில்லாமல் எழுதுவது, இந்த இரண்டும்தான். இரண்டுமே தினம் செய்து செய்து வருகிறவை. விட்டால் விட்டுப்போகிறவை. அதாவது, ஐயா, பழக்கம்! எங்கள் அணிக்கு ஆதாரம் தேடிக் கொடுத்ததற்குத் தம்பிக்கு நன்றி.

அந்த மறதிக்கு மருந்து அடுத்த வகுப்புப் புத்தகம் இல்லை. நாளைக்குத் திருவிழாக் கடைக்குப் போகும்போது ஐம்பது ரூபாயைப் பிள்ளை கையில் கொடுங்கள். பஞ்சு மிட்டாய் இருபது ரூபாய், பாக்கி எவ்வளவு என்று கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள். கடைக்காரர் தவறாகக் கொடுத்தால் சண்டை போடட்டும். வீட்டு மளிகைச் சாமான் சீட்டை அவனே எழுதட்டும், ‘துவரம் பருப்பு’க்கு எந்த ‘ரு’ என்று அவனே கேட்பான். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். பாடத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சம்பளம் அதற்குத்தானே வாங்குகிறோம்.

இப்போது தூக்கத்துக்கு வருகிறேன். நடுவர் ஐயா, மணி என்ன? பத்தேகால். முன்வரிசையைப் பாருங்கள். எத்தனை வாண்டுகள்! பள்ளி திறக்க இன்னும் சரியாகப் பத்து நாள். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் பரிந்துரை சொல்லியிருக்கிறது. காலை ஆறு மணிக்கு எழ வேண்டுமானால் இரவு ஒன்பதுக்காவது கண் மூடியிருக்க வேண்டும். நாமோ பத்தேகாலுக்கு மைக் வைத்து, பிள்ளைகள் சீக்கிரம் தூங்க வேண்டும் என்று கத்திக்கொண்டிருக்கிறோம். திருவிழா ஒரு நாள், போகட்டும். ஆனால் மே மாதம் முழுக்க உங்கள் வீட்டில் திருவிழாதானே? ராத்திரி பன்னிரண்டு வரை செல்போன், காலையில் எட்டரைக்கு விழிப்பு.

பள்ளி திறக்கிற முந்தின நாள் ராத்திரி எட்டரைக்கு விளக்கை அணைத்துவிட்டு ‘தூங்கு’ என்று அதட்டுவீர்கள். வராது. நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. இருட்டினால் மெலட்டோனின் என்று ஒன்று சுரக்கிறது, அப்புறம்தான் தூக்கம் தட்டும். ராத்திரி கண்ணுக்கு நேராகப் பளிச்சென்று திரை இருந்தால் அந்தச் சுரப்பு தள்ளிப்போகிறது. அதட்டித் தூங்க வைக்க முடியாது. ஆனால் எழுப்ப முடியும்! அதனால் கணக்கைக் காலையிலிருந்து தொடங்குங்கள். இன்றைக்கு எட்டரை என்றால் நாளைக்கு எட்டேகால், மறுநாள் எட்டு. ஒரு நாளைக்குக் கால் மணி. பத்து நாளில் இரண்டரை மணி நேரம். எட்டரையில் இரண்டரை போனால்? ஆறு! எதிரணிக்காகத்தான் இந்தக் கணக்கு. எழுப்பியதும் திண்ணைக்கோ மொட்டைமாடிக்கோ கூட்டிப்போய் வெளிச்சத்தைக் காட்டுங்கள். ராத்திரி தூக்கம் தானாக முன்னால் வரும்.

நடுவில் ஓர் ஆபத்து உண்டு. 2023-இல் வெயிலால் பள்ளி திறப்பு தள்ளித் தள்ளிப் போய், பெரிய வகுப்புகளுக்கு ஜூன் 12, ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று ஆனது. 2024-இலும் ஜூன் 6 என்றது 10 ஆயிற்று. அறிவிப்பு வந்த அன்றைக்கே பல வீட்டில் பழைய குருடி கதவைத் திறடி. தேதி தள்ளினால் விடுமுறைதான் தள்ளும், விடியல் தள்ளாது.

தூக்கம் கெட்டால் வயிறும் கெடும். ஏழேகாலுக்கு எழுந்து ஏழேமுக்காலுக்கு வேனில் ஏறுகிற பிள்ளைக்கு இட்லி எப்படி இறங்கும்? பத்தரை மணிக்கு என்னிடம் வந்து ‘தலை வலிக்குது டீச்சர்’ என்று நிற்கும். வெறும் வயிற்றோடு பாடம் ஏறாது என்பதால்தானே 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார்கள்? அடுத்த வருடமே அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் கொண்டுபோனார்கள். பொங்கலும் கிச்சடியும் முதலில், புத்தகம் அப்புறம். அரசாங்கமே எங்கள் அணி.

இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். சுண்டுவிரல். வகுப்பில் பிள்ளை சுண்டுவிரலைத் தூக்கினால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் முதல் வாரத்தில் அந்த விரலைத் தூக்கக்கூடப் பயந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முக்கியமாகப் பெண் குழந்தைகள். போகக் கூடாது என்பதற்காகத் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். பாட்டில் காலையில் எந்த அளவில் வந்ததோ அதே அளவில் சாயங்காலம் போகும். அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்று வந்து, காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளையை எனக்குத் தெரியும். பட்டன் கழற்ற, தண்ணீர் ஊற்ற, ‘டீச்சர், போகணும்’ என்று வாய்விட்டுச் சொல்ல இந்தப் பத்து நாளில் பழக்குங்கள். இதற்கு டியூஷன் சென்டர் கிடையாது.

எதிரணித் தலைவர் போகிற போக்கில் ஒன்று சொன்னார், ‘பழக்கமெல்லாம் ரெண்டு நாளில் தானா வந்துடும்’ என்று. அண்ணே, தானாக வருவது நல்ல பழக்கம் மட்டும் இல்லை. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. எங்கள் பள்ளி இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பள்ளிக்குள் கால் வைத்தார்கள். வரிசையில் நிற்கத் தெரியவில்லை. பக்கத்தில் இன்னொரு பிள்ளை உட்கார்ந்தால் பொறுக்கவில்லை. அரை மணி நேரம் ஓரிடத்தில் இருப்பதே பெரிய தவம். ரெண்டு நாள் இல்லை, ரெண்டு மாதத்துக்கு மேலாயிற்று. அடுத்த ஜூனில் சின்ன வகுப்புகளுக்கு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோது பாட்டும் ஆட்டமும் பொம்மையுமாகத்தான் வந்தது. பிள்ளையை உட்கார வைத்த பிறகுதானே எழுத்து?

அப்புறம் பிள்ளைகளை விட நமக்குத் தேவையான ஒரு பழக்கம். மே மாதம் பூராவும் வீட்டில் ஒலிக்கிற வசனம் என்ன? ‘ஸ்கூல் திறக்கட்டும்டா, உங்க டீச்சர்கிட்ட சொல்றேன் பாரு!’ சோறு சாப்பிடாவிட்டால் டீச்சர். தம்பியை அடித்தால் டீச்சர். நான் இங்கே என் வீட்டில் மாவடு ஊறப்போட்டுக்கொண்டிருப்பேன், இருபது வீட்டில் பூச்சாண்டியாக நடமாடுவேன்! பிறகு ஜூன் முதல் நாள் அதே அப்பா பிள்ளையைத் தரதரவென்று இழுத்துவந்து, ‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்’ என்பார். அந்தப் பிள்ளை என்னிடம் எப்படி ஐயா கை நீட்டும்? அடித்தால் நாங்கள் வேலையை இழப்போம் என்பது வேறு விஷயம்.

அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் பள்ளி வாசலில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. முதல் நாள் அதற்குப் பின்னால் குறைந்தது ஆறு அம்மாக்கள் ஒளிந்திருப்பார்கள். பிள்ளை வேறு பக்கம் பார்க்கிற நேரம் நழுவிவிடுவார்கள். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. அந்த அழுகைக்கு என்னிடம் மருந்து கிடையாது, ஏனென்றால் அது பிரிவு அழுகை இல்லை, ஏமாந்த அழுகை. முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போங்கள். ‘நாலு மணிக்கு வருவேன்’ என்றால் அதற்கு மணி பார்க்கத் தெரியாது. ‘சோறு சாப்பிட்டு, ஒரு பாட்டுப் பாடி, பெரிய மணி அடிச்சதும் இதே கேட்டுகிட்ட நிப்பேன்’ என்று சொல்லுங்கள். சொன்னபடி நில்லுங்கள். முதல் நாள் பத்து நிமிடம் தாமதமானால், மறுநாள் நான் என்ன சொன்னாலும் அது நம்பாது.

புது ஷூவை இரண்டு நாள் வீட்டுக்குள் போட்டு நடக்கவிடுங்கள், இரண்டு மாதத்தில் கால் வளர்ந்திருக்கும். பழைய பையில் போன வருடத்து எலுமிச்சைச் சாத மூட்டை ஏதாவது இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், நான் பார்த்திருக்கிறேன். முகர்ந்தும் இருக்கிறேன்.

நடுவர் ஐயா மணியைத் தூக்கிவிட்டார். ஐயா, தயவுசெய்து அடிக்காதீர்கள். முன்வரிசையில் மஞ்சள் சட்டை போட்ட பையன் அக்கா மடியில் சாய்ந்து இப்போதுதான் தூங்கியிருக்கிறான். மைக் செட் தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பா. யார் வீட்டுப் பிள்ளை அம்மா இது? தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வையுங்கள். தீர்ப்பு என்னவென்று காலையில் எட்டேகாலுக்கு எழுப்பும்போது சொல்லிக்கொள்ளலாம்.